புருஷன் பேர் சொல்லுங்க, ஆச்சி!

சப்ரிஜிஸ்திரார் வேலை என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு முத்திரை குத்துவது என்றுதான் ஊரார் நினைப்பு. என்னைப் போல சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்ந்த அன்பர்களே, உங்களுக்குத் தெரியும் அந்தச் சுகம்! பத்திரம் எழுதிக் கொடுக்க வரும் பெண்களிடம், "இன்னார் சம்சாரம்" என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு, பத்திரத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். செட்டிநாட்டுப் பக்கத்தில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்லுவாள்? சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். கேட்டுக் கேட்டு என் ஆயுசு குறைந்ததுதான் மிச்சம்.

மலையிலே நிற்கிறவர்

வலையபட்டியிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். புருஷன் பேரைக் கேட்டதும், "பழனி மலையில நிக்கிறாகளே, அவுக பேருதான்" என்றார். "பழனியப்பனா?" என்றேன். ஆச்சி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டேன். பத்திரம் எழுதியவரும் அதே விடுகதையைக் கேட்டு அதே பேரைத்தான் எழுதியிருந்தார். ஒத்துப்போகிறதே என்று முத்திரையும் குத்திவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஆச்சியின் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் பேர் தண்டாயுதபாணி! பத்திரத்தை என் மேஜைமேல் போட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "நான் கப்பல்ல இருந்து இறங்குறதுக்குள்ள என் வீட்டு ஆச்சிக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டீகளா?"

மேலிடத்துக் காகிதம்

ஆபீசே சிரித்தது, மேலதிகாரி சிரிக்கவில்லை. இன்னொரு பேர் தப்பானால் மலைக்காட்டுப் பக்கம் மாற்றல் என்று காகிதம் வந்தது. எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. அதுவரை பன்னிரண்டு மாற்றல் பார்த்தாயிற்று. என் சம்சாரம் மீனாட்சி நாலு பிள்ளைகளையும் நாலு ஊரில் பெற்றவள். இந்த ஊருக்கு வந்துதான் அவளுக்கு அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை அமைந்தது. பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் படித்தார்கள். காகிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மாத்துனா நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நானும் பிள்ளைகளும் இங்குட்டே இருந்துக்கிறோம்."

தலையாட்டினால் செல்லாது

அதற்குப் பிறகு நான் கறார் பேர்வழி ஆகிவிட்டேன். குனிவது, சிரிப்பது எதுவும் செல்லாது. பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். பேரைக் கேட்டால் முந்தானையைத்தான் திருகினாள். பத்திரத்தில் இருந்த பேரைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்துக்கொண்டேன். சரி, நானே பேர்களை வரிசையாகச் சொல்கிறேன், சரியான பேர் வந்ததும் "ஆமா"ன்னு வாய்திறந்து சொல் என்றேன். "முத்தையா? மாணிக்கம்? ராமசாமி? சோலையப்பன்?"

வாசலில் காத்திருந்தவர்களுக்கு நான் கோர்ட்டு டவாலி மாதிரிக் கூப்பிடுவதாக எண்ணம். "இந்தா வந்துட்டேங்கய்யா!" என்று முத்தையா வந்தார், மாணிக்கம் வந்தார், ராமசாமி இரண்டு பேர் வந்தார்கள். அறையில் நிற்க இடமில்லை. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் அவளுடைய நாத்தனாரை வரவழைத்துப் பேரைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. போகும்போது அவள் சொன்னாள்: "ஊர்ல உள்ள ஆம்பளையெல்லாம் கூப்பிட்டீக, எனக்குத் தாலி கட்டுனவுகளை மட்டும் விட்டுட்டீகளேய்யா!"

என் வீட்டு முறை

எப்படியோ, தப்பில்லாமல் மூன்று வருஷத்தை ஓட்டி அங்கேயே ஓய்வு பெற்றேன். மீனாட்சி பிறந்த வீட்டில் கொடுத்த வயலைக் கொடுத்து, அமராவதிபுதூரில் ஒரு சிறு வீட்டை மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. வயல் அவள் பேரில் இருந்ததால் அவளும் ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

எனக்கோ அவள் பேரைச் சொல்வாளா என்ற கவலை. என் பேர் வெள்ளைச்சாமி. கல்யாணமான நாள்முதல் மீனாட்சி 'வெள்ளை' என்ற சொல்லையே வாயில் விட்டதில்லை. வெள்ளைத் துணி அவளுக்குச் 'சலவைத் துணி'. வெள்ளிக்கிழமை, 'வியாழனுக்கு மறுநாள்'. வெள்ளரிக்காய் வேண்டுமென்றால் கூடைக்காரியிடம் விரலால் காட்டுவாள்.

என் நாற்காலியில் இப்போது இருப்பவர் சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்துவிட்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு?" என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். "நீங்க சொல்லக் கூடாது சார், அவுகதான் சொல்லணும்" என்றார். அது நானே கட்டிக்காத்த சட்டம்! எழுத்தர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மீனாட்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "வெள்ளைச்சாமி! நல்லா எழுதிக்கிருங்க தம்பி, வெள்ளைச்சாமி. பேரைத் தப்பா எழுதி, கிடைச்ச வீட்டை விட்டு என்னைக் கிளப்பிவிட்றாதீக!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் ஊரார் பேரையெல்லாம் பதிந்து வைத்தவன், என் பேரை என் சம்சாரம் வாயால் ஒருதரம் கேட்க ஒரு முத்திரைத்தாள் வாங்க வேண்டியிருந்தது, போங்கள்!