ஆளில்லாத கட்டில்

என் அக்கா புருஷனை நகராட்சியில் எல்லோரும் கட்டில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தியோகப்படி அவர் ஃபிட்டர். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, யாரும் கேட்காமல், இருந்த நாற்காலிக் கால்களையெல்லாம் இறுக்கி வைத்தவர். நான் நகராட்சி வண்டி ஓட்டுகிறேன். ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் வாய் ஓயாமல் பேசியபடி வருவார்.

"நான் மாட்டின கட்டில் ஆடாது மச்சான், தெரியும்ல?"

"உங்க நாக்கு ஆடுற ஆட்டம் போதாதா அத்தான்? கட்டிலாவது சும்மா கிடக்கட்டும்" என்பேன்.

எல்லைக்கு அப்பால் சண்டை மூண்டு ஜனங்கள் கையில் கிடைத்ததோடு ஓடிவந்தபோது, பூட்டிக் கிடந்த பழைய ஊழியர் குடியிருப்பை வெள்ளையடித்து அகதிக் குடும்பங்களுக்குக் கொடுப்பது என்று நகராட்சி முடிவெடுத்தது. ஊரில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். பாதிப் பேர் போர்வையும் பாத்திரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தவர்களும் உண்டு.

கட்டிலுக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால் ஆள் வருவது உறுதியான பிறகே கட்டில் என்று வைத்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் கொண்டுபோய் மாட்டுவோம். மறுநாள் காலை எல்லை முகாமிலிருந்து வரும் பேருந்தில் ஆள் வந்து இறங்கும். குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம். எங்கள் வண்டி ஒரு வாசலில் நின்றுவிட்டால் அக்கம்பக்கம் அங்கே கூடிவிடும். கீழ்வீட்டு முடிதிருத்துபவருக்கு, தொலைந்துபோன தம்பி அப்படித்தான் கிடைத்தான். தம்பியைப் பார்த்து அல்ல, கட்டிலைப் பார்த்தே அந்த மனிதர் அழுதுவிட்டார்.

மாடியில் கடைசி வீட்டில் ஒரு தையல்காரியும் அவள் மகளும் இருந்தார்கள். புருஷன் சண்டையில் செத்துப்போனான். வரும் வழியில், ஆற்றங்கரை நெரிசலில், மீசை அரும்பும் வயது மகனும் கைநழுவிப் போனான். எங்கே தேடியும் துப்பில்லை. அவர்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் தாயும் மகளும் படுத்தார்கள். மற்றதை அவனுக்கென்று தினமும் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

வீட்டு வசதிப் பிரிவு அதிகாரியம்மா ஒரு நாள் வந்தார்.

"இன்னொரு குடும்பம் பள்ளிக்கூட வராந்தாவுல படுத்திருக்கும்மா, கைக்குழந்தையோட. மாசக் கடைசிக்குள்ள உங்க பையன் வரலைன்னா இந்த ரூமை அவங்களுக்குத் தரவேண்டியிருக்கும்."

அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான். தப்பில்லாத பேச்சோடு என்ன சண்டை போட முடியும்?

 தையல்காரி, குழாய் சரிபார்க்கப் போன அத்தானிடம், "அண்ணே, அவன் வந்தா எங்க படுப்பான்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இவருக்கு அது போதாதா? யாராவது கண்கலங்கினால் போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார் என்று அக்கா சொல்வது சும்மா இல்லை.

பழைய இரும்புக்குப் போகவிருந்த ஒரு கட்டிலுக்குக் கால் ஒட்டவைத்து, சனிக்கிழமை சாயங்காலம் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"காலி ரூம்னாதானே எடுப்பாங்க? கட்டிலும் விரிப்புமா இருந்தா அந்தம்மாவுக்கே மனசு வராது மச்சான்."

நாங்கள் போனபோது தையல்காரி மகளோடு துணி கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். நகராட்சிச் சாவியால் திறந்து, கட்டிலை மாட்டி, விரிப்பை விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். காலையில் வந்து விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அத்தனை கட்டில் மாட்டிய மனுஷனுக்கு, அந்தக் குடியிருப்பில் கட்டில் என்றால் என்ன அர்த்தம் என்பது மட்டும் அன்றைக்கு ஞாபகமில்லை.

காலையில் நாங்கள் போனபோது மாடி வராந்தாவில் நிற்க இடமில்லை. முடிதிருத்துபவர் தட்டில் தேநீர் வைத்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். தையல்காரியின் மகள் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட நின்றாள். கட்டில்மேல் புதிதாகத் தைத்த சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கை கொஞ்சம் நீளமா வெச்சிருக்கேன் அண்ணே. வளந்திருப்பான்ல? பஸ் எப்ப வரும்?" என்று கேட்டாள் தையல்காரி.

அத்தான் ஸ்பேனர் பையைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் சொல்லியிருப்பார்.

"தங்கச்சி... யாரும் வரலம்மா. ரூம் போயிடக் கூடாதேன்னு நான்தான்..."

"விளையாடாதீங்க அண்ணே" என்று சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிதிருத்துபவர் தட்டை மெல்லத் தரையில் வைத்தார்.

அப்போதும் அவள் நம்பவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிப்போனாள். அத்தான் பின்னாலேயே போய் நின்றார். பேருந்து வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். கடைசியில் டிரைவரும் இறங்கிக் கதவைச் சாத்தினார். மூடிய கதவையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். 

திங்கட்கிழமை அவளே அதிகாரியம்மாவிடம் போய், அறையை அந்தக் குழந்தைக்காரர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கட்டில் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது என்றிருக்கிறாள். எடுத்து வர எங்களைத்தான் அனுப்பினார்கள்.

அத்தான் முட்டி போட்டு போல்ட்டுகளைக் கழற்றினார். அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் தங்கச்சி. நாலு வார்த்தை திட்டவாவது திட்டு."

"திட்ட என்ன இருக்கு அண்ணே? இத்தனை நாளா அவன் வந்துக்கிட்டு இருந்தான். நீங்க கட்டில் போட்டீங்க, பஸ்ஸும் வந்துச்சு, அவன் இறங்கல."

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அத்தான் பிழைத்திருப்பார். கட்டில் சட்டத்தைத் தூக்கியபோது அவர் பிடி தவறி அது நழுவப் பார்த்தது. தலைமாட்டுப் பக்கத்தை அவளே வந்து பிடித்துக்கொண்டாள். அப்படியே கீழே வரை கொண்டுவந்து வண்டியில் ஏற்றினாள்.