ஒரு கரண்டி பால் பாயசம்

போன் வந்தபோது காலை மணி பதினொன்று. பேசியது மருத்துவமனையில் உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைக்கும் பெண், நாகர்கோவில்காரி.

"அக்கா, பிள்ளைக்குப் பொருந்துற மாதிரி லங்க்ஸ் கிடைச்சிருக்கு. உடனே வாங்க. வாயில ஒண்ணும் குடுக்கப் பாடில்லை, கேட்டோ. வெள்ளம்கூட வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணிகூட."

என் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு வருடமாக மூக்கில் ஆக்சிஜன் குழாய். பெரியவர்களின் நுரையீரல் அவள் சின்ன நெஞ்சுக்குள் அடங்காது. கிட்டத்தட்ட அவள் உயரமுள்ள இன்னொரு குழந்தை இறந்துபோய், பெற்றவர்கள் சம்மதித்தால்தான் உண்டு. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று யோசிக்கவே பயந்துதான் அந்த வருடத்தை ஓட்டினேன்.

அன்று அவள் நட்சத்திரப் பிறந்தநாள். கோயிலிலிருந்து பால் பாயசம் வந்திருந்தது. இவர் காரை எடுக்கப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பாயசத்தில் ஒரு கரண்டி எடுத்து அவள் வாயில் விடுவதற்கு மட்டும் கை ஓடியது.

"ஒண்ணும் குடுக்கப்படாதுன்னாளேம்மா?"

"இது பிரசாதம்டீ. சாப்பாட்டுல சேத்தி இல்லை."

கரமனையில் எங்கள் தெருவில் ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பவர்களும் பிரசாதம் என்றால் கை நீட்டுவார்கள். யாருக்கும் விரதம் முறிந்ததில்லை. மருத்துவமனையில் அந்தப் பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டபோது, "ஒண்ணும் குடுக்கலை" என்றேன். பொய் என்றே தோன்றவில்லை. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அவளைப் படுக்க வைத்த அறையின் சுவரில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ். மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் பால் கூடாது, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று போட்டிருந்தது. சொன்னால் ஆபரேஷனை நிறுத்திவிட்டால்? ஐஸ் பெட்டியில் வருகிற நுரையீரல் சில மணி நேரம்தான் தாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டால்? சொல்லாமல் விட்டால், மேஜையிலேயே அவள் போய்விட்டால்? இவர் பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இரண்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் மலையாள டாக்டர் வந்தார். வராந்தாவுக்கு அவர் பின்னாலேயே ஓடிப்போய், பாயசம் கொடுத்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"சொன்னது நன்னாயி. சமயம் உண்டு. லங்க்ஸ் வந்தாச்சு, ஆனா உள்ள கொஞ்சம் வெள்ளம் கட்டியிருக்கு. மெஷின்ல வச்சு நோக்கணும். நாலு மணிக்கூர் ஆகும்."

உடம்புக்கு வெளியே, ஒரு மூடிய பெட்டிக்குள், இளஞ்சூடான திரவத்தை ஓட்டி அதை மூச்சுவிட வைப்பார்களாம். நீர் வற்றுகிறதா, ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பார்களாம். கூடத்தில் இவரும் வந்து சேர்ந்த சொந்தக்காரர்களும் அது சீக்கிரம் தேறட்டும் என்று வேண்டினார்கள். நான் மட்டும் மெதுவாக, மெதுவாக என்று வேண்டினேன். பாயசம் செரித்து இறங்க வேண்டுமே.

ஆறு மணிக்கு சர்ஜன் வந்து இல்லை என்று தலையை ஆட்டினார். நீர் வற்றவில்லை, குழந்தைக்கு வைக்க மாட்டோம் என்றார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. நான் கெடுக்கவில்லை என்கிற நிம்மதி. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். இன்னொரு நாள் கூப்பிடுவார்கள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"பாயசத்தாலயாம்மா?"

"இல்லைடா கண்ணா. அதனால இல்லை."

"நான் யார்ட்டயும் சொல்லலைம்மா," என்றாள். "உன்னைத் திட்டுவாளேன்னு."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அவளும் திறக்காமலேயே மேஜைக்குப் போயிருப்பாள்.