தெல்மிராவின் எடைக்கு ஒரு பலகை

பிச்சிலெமு கடற்கரையில் மட்டிக்கறி அடைத்த எம்பனாடா பலகாரம் பொரித்து விற்கும் தெல்மிராவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆசை வந்தது. வந்தது என்ன, கடை போட்ட நாளிலிருந்தே இருந்தது. வாய் திறந்து சொன்னதுதான் அப்போது. அலை மேல் ஒரே ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும்.

கொழுந்தன் நொல்பெர்ட்டோவிடம்தான் சொன்னாள். நுரைக்கட்டியை இழைத்து, பிசின் பூசி, அலைமேல் சறுக்கும் சர்ஃப் பலகை செய்கிறவன் அவன்.

"அண்ணிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்!"

யார் வந்தாலும் அவன் முதலில் கேட்பது எடையைத்தான். அதற்குத் தக்கபடிதான் பலகையின் தடிமன். அண்ணியிடம் மட்டும் கேட்க அவனுக்கு நா எழவில்லை. கண்ணால் மதிப்பிட்ட எடையிலும் மரியாதைக்கு இருபது கிலோவைத் தானே குறைத்துக்கொண்டு இழைத்துவிட்டான்.

பலகை என்னவோ அழகுதான். குளிருக்குத் தடித்த ரப்பர் உடுப்பு, பூட்ஸ், தலைமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு தெல்மிரா அதன்மேல் படுத்தாள். அவளோடு சேர்ந்து பலகையும் தண்ணீருக்கடியில் போனது. ஐஸ் தண்ணீர் கழுத்து வழியாக உள்ளே இறங்க, வீல் என்று கத்தினாள். கரையில் தங்கள் பலகைகளோடு இருந்த ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏன்டா, என் எடையைக் கேட்டா உன் வாய் வெந்தா போயிடும்?"

"கேட்டா கரண்டியாலயே போடுவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணி."

"தொண்ணூத்தாறு கிலோடா!" ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "இந்த ரப்பர் சனியனையும் சேத்துக்கோ!"

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த பலகை கதவு மாதிரி இருந்தது. நல்ல அகலம், மார்பு படும் இடத்தில் நல்ல தடிப்பு. "இதுல பந்தியே வைக்கலாம்" என்று கேலி செய்தார்கள். தெல்மிரா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலகை மிதந்தது, அது போதும். விழுந்தாள், உப்புத் தண்ணீர் குடித்தாள், மறுபடி விழுந்தாள்.

"போதும் அண்ணி, உதடு நீலம் பாரிச்சிடுச்சு."

"இன்னும் ஒண்ணுடா."

இடுப்பளவு அலை ஒன்று வந்து பலகையைத் தூக்கியது. கையை ஊன்றினாள், முட்டி போட்டாள், எழுந்து நின்றாள். குளிர் போன இடம் தெரியவில்லை. மணல் தட்டும்வரை நின்றுகொண்டே வந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆண்கள் கை தட்டினார்கள். அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"அடப்பாவிகளா! இத்தனை வருஷமா இதை நீங்க மட்டுமே அனுபவிச்சுக்கிட்டு இருந்தீங்களேடா!"

பதிலுக்குக் காத்திராமல் பலகையைத் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள்.