ஐந்து மணிக்குக் கிளம்பாத கப்பல்

2024 பிப்ரவரி 6. பாஸ்போர்ட் கட்டணம், இருவருக்கு, மூத்தோர் சலுகை போக: ரூ. 2,700.
ஏப்ரல் 18. கப்பலுக்கு முன்பணம்: ரூ. 25,000.
ஜூன் 29. மீதித் தொகை: ரூ. 61,400.
ஆகஸ்ட் 11. கிழக்குத் தாம்பரத்திலிருந்து துறைமுகத்துக்கு வேன்: ரூ. 4,200.
ஆகஸ்ட் 13. திருகோணமலையில் ஆட்டோ, போக வர: இலங்கைக் காசில் ரூ. 5,000.

கடைசி வரியில் உள்ள ஆட்டோவுக்காகத்தான் மேலே இருக்கும் நான்கு வரிகளும். ரத்தினபாய் டீச்சரின் கணவர் சுவிசேஷமுத்து இதை ஒப்புக்கொள்ள மாட்டார். சபையின் மூத்தோர் ஐக்கியம் போன உல்லாசப் பயணம் அது என்பார். உல்லாசமாக இருந்தவர்கள் பதிமூன்று பேர். பதினான்காவது ஆள் ரத்தினபாய்.

சேலையூரில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவர் அவர். இயற்கைத் துறைமுகம் எது, செயற்கைத் துறைமுகம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் சென்னைத் துறைமுகத்தின் கேட்டைக்கூட பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். அந்தப் பள்ளியில் கணக்கு நடத்தியவர் பத்மலோஜினி. சண்டைக் காலத்தில் திருகோணமலையிலிருந்து குடும்பத்தோடு வந்து சிட்லபாக்கத்தில் வாடகைக்கு இருந்தவர். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புக்காக ரத்தினபாய் கரும்பலகையில் இலங்கையை வரைந்து, திருகோணமலைக்கு ஒரு புள்ளி வைத்தார். வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பத்மலோஜினி உள்ளே வந்துவிட்டார்.

"ரீச்சர், புள்ளிய கடலுக்குள்ள வச்சிட்டீங்கள். என்ட வீடு தாண்டு போச்சு."

வீடு மூழ்கிப்போன கதைக்கு வகுப்பே சிரித்தது. ரத்தினபாய் புள்ளியை அழித்து வேறு இடத்தில் வைத்தார். அதுவும் தப்பு என்றார் பத்மலோஜினி. "ஒரு நாளைக்கு வாங்கோ. எங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு மேடு இருக்கு. ஏறி நிண்டால் முழுத் துறைமுகமும் தெரியும். எங்க வைக்கவேணும் எண்டு அங்க நிண்டு காட்டுறன்."

2012இல் பத்மலோஜினி ஊர் திரும்பினார். அதற்குள் அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போயிருந்தது. போனில் பேச முடியாது என்பதால் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் வந்த கடிதத்தில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் என்று இருந்தது. கடைசி வரி: "வாறதெண்டால் கெதியா வாங்கோ."

சீக்கிரம் போக வேண்டும், விமானத்தில் போகலாம் என்று ரத்தினபாய் அன்றே கணவரிடம் சொன்னார். சுவிசேஷமுத்து தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கீழ ஒண்ணுமே இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்."

"அப்போ நான் மட்டும் போயிட்டு வரேன்."

"வேற நாட்டுக்குத் தனியாவா? சபையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அடுத்த ஞாயிறே சபையில் அறிவிப்பு வந்தது: மூத்தோர் ஐக்கியம், ஐந்து நாள் கப்பல் பயணம், திருகோணமலையில் ஒரு பகல். கப்பலுக்குக் கீழே தண்ணீராவது இருக்கிறது என்று சுவிசேஷமுத்து சம்மதித்தார். குழுவுக்கு அவரையே தலைவராகவும் போட்டார்கள்.

ரத்தினபாய் ஐந்து மாதம் உட்கார்ந்து படித்தார். கப்பலில் போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தார், வீடியோ பார்த்தார், கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டு அங்கிருந்த பெண்ணைத் தொந்தரவு செய்தார். எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து, ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொன்று கொடுத்துப் படித்தும் காட்டினார். பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகும், ஆகவே மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட் நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் நாலு மணிக்கு நாம் உள்ளே இருக்க வேண்டும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். நாமாகப் பிடித்த ஆட்டோ தாமதமானால் நிற்காது.

"அருமையான செய்தி, அக்கா" என்றார் ஜோனத்தான். வங்கியில் அதிகாரியாக இருந்தவர், சபையில் பாட்டு ஆரம்பித்து வைப்பவர். கிளம்பும் நாளில் அந்தத் தாளில்தான் அவர் மனைவி ஜெரூஷா முறுக்கு மடித்துக் கொண்டுவந்தார். முறுக்கோடு ஒரு ரைஸ் குக்கரும் வந்தது.

வேன் ஓட்டுநர் பெட்டிகளை மேலே ஏற்றி ஏற்றி அலுத்துப்போனார். "இன்னா சார், கப்பல்ல சோறு போடமாட்டாங்களா? இம்மாம் மூட்டை கீது."

"ஒரு சேஃப்டிக்குப்பா" என்றார் ஜோனத்தான்.

துறைமுகத்தில் குக்கரைப் பறித்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஜெரூஷா ரத்தினபாயிடம் வந்து, "நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா" என்றார். ரத்தினபாய் முறுக்கு மடித்த தாளைப் பார்த்தார்.

பதிமூன்றாம் தேதி காலை எட்டு மணிக்குக் கப்பல் திருகோணமலையில் கரையணைந்தது. கரை இறங்குவதற்கு ஆளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். பதினான்கு சீட்டுகளையும் முந்தின இரவே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் சுவிசேஷமுத்து. பையில் பதிமூன்றுதான் இருந்தது. ஜோனத்தான் தன்னுடையதைக் கொடுக்க மறந்திருந்தார். எங்கே வைத்தோம் என்பதும் அவருக்கு மறந்திருந்தது.

"என் சீட்டைக் குடுங்க. நான் இறங்குறேன்" என்றார் ரத்தினபாய்.

"பதினாலு பேரும் ஒண்ணா இறங்கணும். ஒரு பெட்டியை மட்டும் கழட்டிக்கிட்டு இன்ஜின் போகுமா?"

"நான் பெட்டியும் இல்ல, நீங்க இன்ஜினும் இல்ல. குடுங்க."

"கொஞ்சம் பொறு ரத்தினம். ஒரு குழுன்னா ஒரு ஒழுங்கு இருக்கு."

ஜோனத்தான் அப்போது தோசைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "கப்பல் எங்கக்கா போயிடப் போகுது" என்று ஆறுதல் சொன்னார். சீட்டு கடைசியில் அவருடைய வேதாகமத்தின் உறைக்குள் அகப்பட்டது. இறங்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கரையில் கால் வைத்ததும் ஒரு ஸ்தோத்திர ஜெபம். ரத்தினபாய் கண்ணைத் திறந்தபடியே ஆமென் சொல்லிவிட்டு, அது முடிவதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார். மற்றவர்கள் கப்பல்காரர்களின் பிற்பகல் பஸ்ஸில் ஊர் சுற்றப் போனார்கள்.

பத்மலோஜினியின் வீடு விரிகுடாவின் மறுகரையில் இருந்தது. தண்ணீருக்கு மேல் பார்த்தால் பக்கம், சாலை வழியாகச் சுற்றிப்போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். போய்ச் சேர்ந்தபோது பத்மலோஜினி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் என்றான் அவர் மகன். பாதியாக இளைத்திருந்தார். கால்கள் மட்டும் வீங்கியிருந்தன.

"வாங்கோ ரீச்சர். கடலுக்குள்ள தாண்ட வீட்டுக்கு ஒரு வழியா வந்திட்டீங்கள்."

சாப்பாடு தயாராக இருந்தது. பத்மலோஜினி பேசினார், ரத்தினபாய் ஒவ்வொரு பதிலையும் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கரும்பலகையில் வேகமாக எழுதிப் பழகிய கை, அன்றைக்கு ஓடவே இல்லை. பள்ளியில் யார் யார் இருக்கிறார்கள், சிட்லபாக்கத்து ஏரி எப்படி இருக்கிறது, வீட்டுக்காரம்மாள் உயிரோடு இருக்கிறாரா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நான்காவது தாள் நிறையும்போது மணி இரண்டரை.

நான் கிளம்ப வேண்டும் என்று எழுதினார் ரத்தினபாய்.

பத்மலோஜினி அதைப் படித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "மேட்டுக்கு ஏறேல்லையே இன்னும். என்ட கால்தான் மெதுவா நடக்கும். ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ. தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போகலாம்."

நாலு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று பதிமூன்று பேருக்குப் படித்துக் காட்டியவர் ரத்தினபாய். இங்கே இருந்துவிட்டால் கப்பல் போய்விடும், கணவர் அதில் இருப்பார், பாஸ்போர்ட்டும் அதில் இருக்கும். அடுத்த தடவை, என்று எழுதினார். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். பத்மலோஜினி தலையை ஆட்டி, நாற்காலியிலிருந்து எழுந்து கேட் வரைக்கும் வந்தார். அதற்கே அவருக்கு நேரம் பிடித்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரத்தினபாய் கப்பலுக்குள் இருந்தார். மேல் தளத்துக்குப் போய் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு மணி ஆனது. பஸ் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெண், சுற்றுலாப் பேருந்து ஒன்று வர வேண்டியிருப்பதால் கப்பல் சற்றுத் தாமதமாகப் புறப்படும் என்று மூன்று மொழிகளில் இனிமையாகச் சொன்னாள். அந்தச் சற்று ஐந்தரை ஆனது, ஆறு ஆனது. எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அதில் எந்த விளக்கு எந்த வீடு என்று ரத்தினபாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பஸ் ஆறே காலுக்கு வந்தது. முதலில் இறங்கிய மற்றப் பயணிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் கழுத்தில் மாலையோடு ஜோனத்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஜெரூஷா, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று எண்ணிக்கொண்டு சுவிசேஷமுத்து.

"என்ன ஆச்சு?" என்றார் ரத்தினபாய்.

"வழியில ஒரு சர்ச்சு. ஒரு பாட்டு, ஒரு ஜெபம்னு ஜோனத்தான் இறங்கினான். உள்ள இருந்து பாஸ்டர் ஐயா வந்துட்டார். சென்னையில இருந்து வந்த விசுவாசிகளை டீ குடுக்காம அனுப்ப மாட்டேன்னுட்டார். அப்புறம் ஒவ்வொருத்தரும் எழுந்து, கர்த்தர் செஞ்ச நன்மையைச் சாட்சி சொன்னோம்."

"பதிமூணு பேருமா?"

"ஜெரூஷா ரெண்டு தடவை."

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு வண்டியைக்கூட லேட் பண்ணினதில்லன்னு சொல்லுவீங்களே. அவங்களைக் கிளப்ப முடியலையா?"

சுவிசேஷமுத்து ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் ஏன் கிளப்பணும்? அவங்க பஸ்ஸுன்னா கப்பல் நிக்கும்னு நீதானே எழுதியிருந்த? கைடு பையன் கத்தினான். என் மிஸ்ஸஸ் ஜியாகிரஃபி டீச்சர், எல்லாம் விசாரிச்சுட்டாங்க, நிக்கும்னு சொன்னேன். பாரு, நின்னுச்சா இல்லையா?"

ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதிய தாளில் அவர்கள் கவனமாகப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். ரத்தினபாய் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெரூஷா வாழைப்பழத்தோடு வந்து இரண்டு முறை தட்டினார். திறக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு சபையில் ரத்தினபாய்க்கு ஒரு சால்வை போட்டார்கள். பயணத்தை இவ்வளவு சிறப்பாக வழிநடத்தியதற்காக என்று ஜோனத்தான் பேசினார். அதற்குப் பின் கப்பலில் போக நினைத்தவர்கள் எல்லோரும் யோசனை கேட்டு வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நாவலூரில் வேலை பார்க்கும் ஜெனி, மாடி வீட்டுப் பெண், அப்பா அம்மாவை அனுப்ப வேண்டும் என்று அந்தத் தாளைக் கேட்டாள். ரத்தினபாய் எடுத்துக் கொடுத்தார். கப்பல் நிற்கும் என்ற வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன ஆன்ட்டி, அடிச்சிருக்கீங்க?"

"அது தெரியாம இருக்கிறது நல்லது. உங்கப்பா அம்மா அங்க யாரையாவது பார்க்கணுமா?"

"இல்ல ஆன்ட்டி, சும்மா சுத்திப் பார்க்கத்தான்."

"அப்போ கப்பல்ல போகட்டும். ஆளைப் பார்க்கணும்னா கப்பல் வேண்டாம்."

செப்டம்பர் 2ஆம் தேதி பத்மலோஜினியின் மகனிடமிருந்து சுவிசேஷமுத்துவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அம்மா நேற்று இரவு போய்விட்டார் என்று மட்டும் இருந்தது. சுவிசேஷமுத்து அதை மனைவியிடம் காட்டிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "பிளேன்லயே போயிருக்கலாம்" என்றார்.

கடிதம் அதற்கும் பிறகு வந்தது. ஆகஸ்ட் 14ஆம் தேதி எழுதியது. கையெழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"அன்புள்ள ரீச்சருக்கு. நீங்கள் போனபிறகு மனம் கேளாமல், மகனைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். ஐந்து மணிக்குப் போகிற கப்பல் என்றீர்கள், இருட்டின பிறகும் அங்கேயே விளக்குப் போட்டுக்கொண்டு நின்றதே. தேத்தண்ணி குடிக்க நேரம் இருந்திருக்கு. பகிடிக்குச் சொல்லுறன், கோவிக்க வேண்டாம். கப்பல் வெளிக்கிடும் வரைக்கும் நான் இறங்கவில்லை. கையும் காட்டினேன். இத்தோடு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கோ."

கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் விரிகுடாவின் கோடு, அதன் கரையில் ஒரு புள்ளி, தண்ணீருக்குள் சின்னதாக ஒரு கப்பல். கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு அது வந்து சேர்ந்த தேதி 2024 செப்டம்பர் 19.