மழைக் கதைகளில் வந்த டாக்டர்

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கதை வட்டம் நடத்திவந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒருவர் தன் கதையை வாசிப்பார். மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராபர். வட்டத்தின் செயலாளர் பாங்க்கில் ஆபீசர். அவரைச் செயலாளராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் அவர், நம் கதைகளையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டால் என்ன என்று ஆரம்பித்தார்.

"கண்டது கடியதெல்லாம் போடப்படாது. ஒரே விஷயத்தை வெச்சு எல்லாரும் எழுதணும். அப்பதான் புஸ்தகம் நிக்கும்," என்றார்.

எந்த விஷயம் என்று முடிவு செய்ய நாலு ஞாயிறு ஆயிற்று. ரயில் என்றார் ஒருவர். காலையும் மாலையும் அதில் நசுங்குவது போதாதா என்று தள்ளிவிட்டோம். ரேஷன் கடை என்றார் இன்னொருவர். அதை நினைத்தாலே பசிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது ஞாயிறு ஜூன் மாதம். வெளியே அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு மணி ஆகியும் யாரும் எழுந்திருக்கிற வழியாக இல்லாததால், கூட்டம் நடந்த வீட்டின் அம்மாள் பதினான்கு பேருக்கும் உப்புமா கிண்ட வேண்டிவந்தது. அந்த உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'மழை' என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

ஒரு மாதத்தில் பதினான்கு கதைகள் வந்து சேர்ந்தன. செயலாளரும் நானும்தான் தொகுப்பாசிரியர்கள். முதல் கதையில் கதாநாயகி மழையில் நனைந்தாள், காய்ச்சல் வந்தது, செத்துப்போனாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் ஒரு குமாஸ்தா மழையில் நனைந்தான், காய்ச்சல் வந்தது, செத்துப்போனான். ஐந்தாவது கதைக்கு வந்தபோது, யாராவது வாசலில் இறங்கினாலே நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மொத்தத்தில் பதினொரு பேர் காய்ச்சலில் போயிருந்தார்கள். என் கதையில் செத்தவளும் அதில் சேர்த்திதான். மீதி மூன்றில் ஒன்று குடை தொலைந்த கதை, ஒன்று கூரை ஒழுகும் கதை, இன்னொன்று தவளையைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் அதுவும் கதைதான் என்று சாதித்தார்.

"நாலஞ்சு பேரையாவது காப்பாத்தச் சொல்லலாமே," என்றேன்.

"எழுத்தாளன் கொன்னா கொன்னதுதான் ஓய். அதுல நாம கை வைக்கப்படாது," என்றார் செயலாளர். பிறகு தணிந்த குரலில், "மொதல்ல உம்ம கதையில ஆரம்பியுமேன்," என்றார். நான் அடுத்த கதையை எடுத்தேன். என் கதாநாயகி சாவதற்கு நான் ஒன்றரைப் பக்கம் உழைத்திருந்தேன்.

அச்சகம் தாராவியில் இருந்தது. மாட்டுங்காவிலிருந்து ரயில்பாதையைத் தாண்டி நடந்தே போய்விடலாம். தோல் கிடங்குகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. காலால் மிதித்து ஓட்டும் ஒரு மெஷின், சுவரோடு சாய்த்த எழுத்துப் பெட்டிகள். முதலாளி, எழுத்துக் கோர்ப்பவர், மெஷின் ஓட்டுபவர் எல்லாம் ஒருவரே. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அதுவரை அவர் அடித்ததெல்லாம் கலியாணப் பத்திரிகை, சர்ச் அறிக்கை, சலூன் நோட்டீஸ். புத்தகம் அடிப்பது அதுதான் முதல் தடவை. எங்கள் கதைக் கட்டை மொத்தமாக வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "செஞ்சிரலாம் சார்வாள்," என்றார்.

பத்து நாள் கழித்துப் போனபோது முகம் வாடியிருந்தார்.

"சார்வாள், ழ காலி."

எனக்குப் புரியவில்லை.

"எங்கிட்ட இருக்க எழுத்துல ழ கம்மி. கலியாணப் பத்திரிகைக்கு எத்தன ழ வேணும்? நிகழும்னு ஒரு எடத்துல வரும், அழைப்பிதழ்ல ரெண்டு வரும். நீங்க வரிக்கு வரி மழைங்கிய. மழை பொழிஞ்சுதுங்கிய. பொழுது விழுந்துதுங்கிய. நான் எங்க போவேன்?"

மெட்ராஸிலிருந்து எழுத்து வரவழைக்க ஒரு மாதமாகும் என்றார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ழ வரவேண்டிய இடத்தில் இப்போதைக்கு வேறு எழுத்தைத் தலைகீழாகச் சொருகி வைப்பது. முன்பக்கங்கள் அச்சாகி, கோர்த்த எழுத்தைக் கலைத்ததும், விடுபடும் ழ-க்களை எடுத்துப் பின்பக்கங்களில் போடுவது. அதனால் எங்களுக்கு வந்த ப்ரூஃப் முழுக்க, எழுத்தின் அடிப்பக்கம் பதிந்து, அம்மை போட்டதுபோல் கறுப்புக் கட்டங்கள். செயலாளர் ஆபீஸ் ரயிலில் அதை வாசித்துக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற குஜராத்தி ஒருவர், இது என்ன பாஷை என்று கேட்டாராம். கட்டங்களைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பதினொரு பேரும் ஒழுங்காகச் செத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தித் திருப்பி அனுப்பினோம்.

வெளியீட்டு விழா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிறு காலை. தலைமை தாங்க அந்தப் பேட்டை டாக்டரை அழைத்திருந்தோம். அவர் இலக்கியம் படித்தவர் என்பதால் அல்ல. பாதிப் பேட்டை அவரிடம்தான் மருந்து வாங்குகிறது, கூட்டம் வரும் என்று செயலாளர் கணக்குப் போட்டார். அதற்கு முந்தின நாள்தான் புத்தகம் பைண்டாகி வந்தது. டாக்டருக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பிவிட்டு, நாற்காலி வாடகைக்கு எடுக்க நாங்கள் ஓடிவிட்டோம். எங்களில் ஒருவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

டாக்டர் மேடையில் எழுந்தார். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நான் எத்தனையோ வருஷமா பிராக்டிஸ் பண்றேன். எழுத்தாளா எங்களை இவ்வளவு மதிக்கறான்னு எனக்குத் தெரியாது. இந்தப் புஸ்தகத்துல பதினோரு கதையில பேஷண்ட் சாகக் கெடக்கறா. பதினோரு கதையிலயும் டாக்டர் நேரத்துக்கு வந்துடறார். ஊசி போடறார். பிழைக்கறா. காப்பி குடுக்கறா. என் அனுபவத்துல அந்தக் காப்பி மட்டும்தான் நடந்ததில்லை."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கைதட்டாத பதினொரு பேர் புத்தகத்தைப் பிரித்தார்கள். அதில் நானும் ஒருவன். என் கதையின் கடைசி ஒன்றரைப் பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் இது இருந்தது:

'அப்போது டாக்டர் வந்தார். ஊசி போட்டார். காய்ச்சல் விட்டது. எல்லாரும் காப்பி குடித்தார்கள்.'

பதினொரு கதைகளும் இதே நாலு வாக்கியத்தில் முடிந்தன. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

செம்பூரிலிருந்து வரும் ஒரு மாமி, பள்ளி ஆசிரியை, எங்கள் வட்டத்தில் நிஜமாகவே எழுதத் தெரிந்தவர். அவர் கதையில் ஒரு பெண் மான்குர்த் பக்கம் உப்பளத்துக் குடிசையில் தன்னந்தனியாகக் கிடந்து சாகிறாள். மாமி புத்தகத்தோடு மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார்.

"அந்த அத்துவானத்துக்கு டாக்டர் எந்த பஸ்ல வந்தார்? எல்லாரும் காப்பி குடிச்சான்னா, யார் அந்த எல்லாரும்? அங்க அவளைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாதே."

அதற்குள் டாக்டர் எல்லா எழுத்தாளர்களையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்க ஆரம்பித்துவிட்டார். மாமியும் போய்க் கைகுலுக்க வேண்டியதாயிற்று.

மத்தியானமே செயலாளரும் நானும் மாமியும் தாராவிக்குப் போனோம். அண்ணாச்சி சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ழ பத்தல சார்வாள். எல்லாக் கதையிலயும் சாவும்போதுதான் மழை ரொம்பப் பெய்யுது. ழ இல்லாம நாலு வரி ரோசிச்சேன். ஒரு தடவ கோத்தேன். அதையே அப்படியே தூக்கி அடுத்த கதையிலயும் வச்சேன். வேலையும் மிச்சம்."

"ஒரே வரியைப் பதினோரு தடவையா?" என்றார் செயலாளர்.

"எழுத்து தேயல சார்வாள். பாத்தியளா, நல்லாத்தான் விழுந்திருக்கு."

மாமி குறுக்கே வந்தார். "ழ இல்லாமலே அவாளைச் சாகடிச்சிருக்கலாமே. 'இறந்தாள்'ல ழ இருக்கா?"

அண்ணாச்சி ஒரு ஸ்டூலை மாமி பக்கம் நகர்த்தினார்.

"இல்லதான். நெசத்தச் சொல்லுதேன். நீங்க எளுதுறது கடகடன்னு எளுதிருதிய. நான் ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கிக் கோக்கணும். ஒரு ஆளு சாவ எனக்கு அரை நாளு ஆவுது. பதினோரு பேரையும் கோத்தேன், ப்ரூஃபும் பூராத்தான் எடுத்துத் தந்தேன். ராத்திரி சோறு எறங்கல. என் வீட்டுக்காரி கேட்டா, ஏன் ஒரு பயலும் டாக்டரக் கூப்பிடலன்னு. பெனிசிலின் வந்து எம்புட்டு வருசமாச்சு. அவ கேட்டது நாயந்தானே?"

அண்ணாச்சியின் மனைவி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தார். எல்லாரும் குடித்தோம். குடிக்கும்போது செயலாளர் என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லியிருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பார்.

திரும்ப அச்சடிக்க வழியில்லை. பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து ஒட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. 'டாக்டர் வந்தார் என்பதை டாக்டர் வரவில்லை என்று திருத்தி வாசிக்கவும்.' செயலாளர் அந்த வாசகத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஓய், பிழைச்சவாளையெல்லாம் பிழைதிருத்தத்துல கொல்லறோமே. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம். யாருக்கு உயிர் வேணும், யாருக்கு வேண்டாம்னு."

அடுத்த இரண்டு வாரம் அதுதான் எனக்கு வேலை. ஆபீஸ் விட்டதும் ஒவ்வொருவர் வீடாகப் போய், உங்கள் ஆள் இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்டேன். வடாலாவில் ஒருவர் தன் கதாநாயகனைக் காப்பாற்றியதற்கு எனக்கு நன்றி சொன்னார். அவனை ஏன் கொன்றோம் என்று எழுதியபோதே தனக்குத் தெரியவில்லை என்றார். இன்னொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் மட்டும் என்னை உள்ளேயே விடவில்லை. அவர் கதையில் செத்தது ஒரு மேஸ்திரி.

"ஓவர்டைம்னு சொல்லி என் உயிர எடுக்கான் சார் அவன். கதையிலயாவது சாவட்டும்னு எளுதினேன். அவனுக்குப் போயி டாக்டரு, ஊசி, காப்பி. அவன் சாவணும் சார். ஏக்தம், ஒரேயடியாச் சாவணும்."

குறித்துக்கொண்டேன்.

செம்பூர் மாமியைக் கடைசியாகப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு எரிச்சல் மட்டும் இருந்தது.

"எங்க பில்டிங்ல மூணு பேர் வந்து சொல்லிட்டா, நல்லவேளை அந்தப் பொண்ணு பிழைச்சாளேன்னு. இதுக்கு முன்னாடி நான் எழுதினதை ஒருத்தரும் படிச்சதா சொன்னதில்லை. இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தக் காப்பியை மட்டும் எடுத்துடுங்கோ."

ஆக, சீட்டில் இரண்டே திருத்தம்தான் வந்தது. மேஸ்திரி சாக வேண்டும், மாமி கதையில் காப்பி கூடாது. செயலாளர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து மைதா பசையால் ஒட்டினோம். பாதியில் பசை தீர்ந்தது. மீதிப் பிரதிகளில் மேஸ்திரி இன்றும் உயிரோடுதான் இருக்கிறார். டாக்டர் தன் கிளினிக்கில் வைக்கக் கேட்டபோது, அந்தப் பிரதிகளைத்தான் கட்டிக் கொடுத்தோம்.

என் கதையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்றரைப் பக்கத்தையும் சீட்டில் ஏற்ற முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் என் மனைவி புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கலியாணமாகி ஆறு வருஷத்தில் என் கதை எதையும் அவள் முடித்ததில்லை. தூங்கிவிடுவாள்.

"இது நன்னாருக்கே," என்றாள். "வழக்கமா வளவளன்னு இழுப்பேளே. கடைசில டாண்ணு முடிச்சிருக்கேள். நீங்களேவா எழுதினேள்?"

"ஆமாம்," என்றேன்.

பூனாவிலிருக்கும் தன் அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்றாள். மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் நானே தபாலில் சேர்த்தேன்.