தோணாவை வெட்ட ஒரு கையெழுத்து

நேற்றுக் காலை அடைமழையில் நனைந்துகொண்டு வந்த மருமகன் வாசலிலேயே நின்று சொன்னார்: "மாமா, சேர்மன் காக்கா மவுத்தாகிட்டார்." இறப்புச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லிக்கொண்டே குடையை எடுத்தேன்.

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்றழைத்த அகமதுலெப்பை எங்கள் கிராம சபையின் கடைசித் தலைவர். நான் அதில் எழுத்து வேலை பார்த்த லிகிதர். ஊர் வெள்ளமெல்லாம் தோணா என்னும் ஓடையில்தான் சேரும். மாரியில் அது நிரம்பினால், கடலுக்குப் போகும் வழியை மறித்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். அந்த உத்தரவு அவருடையது. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து முதல் மண்வெட்டியை அவர்தான் போடுவார். வயற்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். கரைவலைக்காரர் தோணிகளை நகர்த்தும்வரை பொறு என்பார்கள். இரு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அதிகாரத்தைப் பரவலாக்குகிறோம் என்று கிராம சபைகளைக் கலைத்து மாவட்டத்துக்கொரு சபை அமைத்தார்கள். தோணாவை வெட்டும் அனுமதியும் மாவட்டத் தலைநகரான அம்பாறைக்குப் போனது.

"அதிகாரம் பரவுதாம் தம்பி. பரவிப் பரவி நம்மட ஊரையும் தாண்டிப் போயித்து" என்றார் காக்கா.

அடுத்த மாரியில் அவர் வாசலில் சனம் கூடியது. மண்வெட்டியை எடுத்தும்விட்டார். தடுத்தவன் நான்.

"காக்கா, இப்ப வெட்டினா சட்டப்படி குத்தம். கடுதாசி ஒண்டு எடுத்துத்து வெட்டுவம்."

என் பேச்சைக் கேட்டு அம்பாறைக்கு பஸ் ஏறினார். அங்கே நாற்காலியும் தேநீரும் கொடுத்து, சபை கூடும்வரை பொறுக்கும்படி சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார்களாம். மூன்று நாள் போய்வந்தார். மூன்றாம் நாள் வெள்ளம் ஏறி, கைத்தறி நெய்து பிழைத்த பாத்தும்மாவின் மண்சுவர் இடிந்து அவள் கால் முறிந்தது. பார்க்கப் போன எங்களை அவள் ஏசவில்லை.

"வெட்டுங்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஊரே வெட்டியிருக்குமே காக்கா."

"ஓம் புள்ள, என்ட பிழதான்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கத்தில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் மாரிக்கு மாரி மனு எழுதினோம். பதில் வருவதற்குள் மழை ஓய்ந்துவிடும். இப்போது மாகாண சபை, பிரதேச சபை வரப்போகிறது என்கிறார்கள். "அது வந்தா தோணா நம்மட கைக்கு வருமா தம்பி?" என்று போன வாரமும் கேட்டார். எனக்குத் தெரியாது. வரும் என்று பொய் சொன்னேன்.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் மையவாடியில் கபுறுக் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்தோம், மறுபடி ஊறியது. மணல்திட்டு கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. "திட்டை வெட்டுவமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நேற்றும் என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை.

காக்கா, உங்களை ஈரத்தில் படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.