நிறுத்தத் தெரிந்த சக்கரம்

கடையில் விற்கும் உளி எதுவும் கடைசல்காரர் கைக்கு ஒத்துவந்ததில்லை. தேய்ந்துபோன அரங்களைத் தேடி வாங்குவார். பல் போகச் சாணை பிடித்து, முனை தீட்டி, தன் உளிகளைத் தானே செய்துகொள்வார். மேசைக்கால் கடைய ஒன்று, மரக்கிண்ணத்தின் உள்வயிறு குடைய ஒன்று.

சாணைக்கல், கையால் சுற்றும் பழைய சக்கரம். எஃகைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே சுற்றுவது மனைவி. அவள் நிற்கும் பக்கத்திலிருந்துதான் சூட்டில் மாறும் முனையின் நிறம் நன்றாகத் தெரியும். வெளிர்மஞ்சள் தட்டியதுமே கைப்பிடியை நிறுத்திவிடுவாள். அவர் எஃகைத் தண்ணீரில் முக்குவார். அசந்து நீலம் ஏறவிட்டால் பதம் கெட்டு, உளி தகரத்துக்குச் சமம். அவள் ஒருநாளும் ஏறவிட்டதில்லை. இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

மகள் ஒரு மோட்டார் சாணை வாங்கிவந்து வைத்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு அம்மாவை மாடு மாதிரி சுற்றவிடுவீர்கள் என்று சண்டை பிடித்தாள்.

"அதுக்குச் சுத்தத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது" என்றார்.

"விடுடி, வாயில்லாத மிஷினா இருந்தா உங்கப்பாவுக்குத் திட்ட ஆள் வேணாமா?" என்று அம்மா சிரித்தாள். மோட்டார் பெட்டியோடு பரணுக்குப் போயிற்று.

மழைக்காலத்தில் சக்கரம் இடற ஆரம்பித்தது. சீராக ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஓர் இழுப்பு, அப்புறம் தளர்வு. எஃகில் அலை அலையாகத் தழும்பு விழுந்தது. சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்களேன் என்று அவளே சொன்னாள். மிஷின் விஷயத்தில் அவர் விடாக்கண்டர். எல்லாவற்றையும் பிரித்து, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அடைத்துப் பூட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், இடது கையால்.

"இப்ப எப்படியிருக்கு?"

"லேசா இருக்குங்க."

மறுவாரம் மறுபடி இடறிற்று. அச்சை மாற்றினார். அப்படியும் நிற்கவில்லை. ஒரு பல்லை அரத்தால் ராவிப் பார்த்தார். குறை பிடிபடவில்லையே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலை கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றது. எஃகு இன்னும் நிறம் மாறவில்லையே என்று நிமிர்ந்தார். அவள் மேசையோரம் சரிந்துகொண்டிருந்தாள்.

வலது கை எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சக்கரம் இடறியது முதல் என்று சொல்ல வாயெடுத்தவர், மழைக்காலத்திலிருந்து என்றார். அவள் வீடு திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு மகள் சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்காமல்:

"எங்கிட்ட சொன்னாங்கப்பா, கை வலிக்குதுன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. 'தெரிஞ்சா மோட்டாரை மாட்டிடுவாரு, அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை'ன்னு கேட்டாங்க."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

மேசைக்கால்கள் பாக்கி நின்றன, உளியில்லாமல் ஆகாது. மோட்டாரைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினார். அது தங்குதடையில்லாமல் ஓடிற்று. தழும்பே விழவில்லை. எஃகை அழுத்திப் பிடித்தபடி, சக்கரம் நிற்கட்டும் என்று காத்திருந்தார். விரல் சுட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் முனை மயில்கழுத்தாக நீலம் ஏறியிருந்தது.

சுவிட்சை அணைத்தார். மேசையின் மறுகோடியில் பழைய சக்கரம் இருந்தது. கைப்பிடியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். சக்கரம் சுற்றிற்று. எங்கும் பிடிக்காமல், இடறாமல், வெகுநேரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது.